சாங்ஷன் ஆயிடுச்சா?

எழுபதுகளின் கடைசியில் நான் ஜூனியர் அசிஸ்டென்டாகப் போய்ச் சேர்ந்த அலுவலகத்தில் ஆங்கிலம் தெரியாதவர்கள் பலர் இருந்தார்கள். சாங்ஷன் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை. நைட் வாட்ச்மேன், தோட்டக்காரர், மசால்ஜி எல்லோருக்கும் அது தாய்மொழிச் சொல். பொருளும் எல்லோருக்கும் ஒன்றுதான்: பணம் வரப்போகிறது. வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, வரப்போகிறது. அந்தப் ‘போகிறது’வில்தான் எங்கள் சர்வீஸ் முழுக்கக் கழிந்தது.

எந்தத் துறை, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். பென்ஷன் வாங்குகிறவன். காவிரித் தண்ணீர் பாயும் ஜில்லா என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தச் சொல் அலுவலக வாசலோடு நின்றுவிடவில்லை. மளிகைக் கடைக்காரர் பாக்கி நோட்டைப் புரட்டிக்கொண்டே, “என்ன தம்பி, சாங்ஷன் ஆயிடுச்சா?” என்பார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் யாரும் சம்பளத்தைக் கேட்கவில்லை. பெண்ணின் பெரியப்பா மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மாப்பிள்ளை இருக்கிறது சாங்ஷன்டு போஸ்ட்தானே? டெம்ப்ரவரி இல்லையே?” என்று கேட்டார். சாங்ஷன்டு போஸ்ட்தான் என்று தெரிந்த பிறகே பஜ்ஜி வந்தது.

எத்தனை விதமான சாங்ஷன்கள்! லீவு சாங்ஷன், இன்கிரிமென்ட் சாங்ஷன், ஃபெஸ்டிவல் அட்வான்ஸ் சாங்ஷன், வீடு கட்ட முன்பணம் சாங்ஷன். பொதுப்பணித் துறையில் இருந்த என் மைத்துனருக்கு ஒரு சின்னக் கல்வெர்ட் கட்டவே இரண்டு வேண்டும். கட்டலாம் என்று சொல்ல நிர்வாக சாங்ஷன், கட்ட முடியும் என்று சொல்ல டெக்னிகல் சாங்ஷன். மூன்றாவதாகக் கல்வெர்ட் ஒன்றும் சில சமயம் வரும். மின்வாரியம் தன் பங்குக்கு வீட்டு மீட்டருக்கே சாங்ஷன்டு லோடு என்று ஓர் அளவு வைத்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் சாங்ஷன்டு ஸ்ட்ரெங்த் என்று ஒரு பட்டியல் சுவரில் தொங்கும். இருக்க வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று அது சொல்லும். இருப்பவர்கள் எத்தனை பேர் என்று காலி நாற்காலிகள் சொல்லும்.

இவற்றில் ராஜா ஜி.பி.எஃப். சாங்ஷன். மாதாமாதம் நம் சம்பளத்தில் பிடித்த நம் பணம்தான். அதைத் திரும்பக் கேட்க, பணிவுடன் விண்ணப்பித்து, காரணம் காட்டி, காரணத்துக்கு ஆதாரம் இணைத்துக் காத்திருக்க வேண்டும். எங்கள் ரெக்கார்டு கிளார்க் மகள் கல்யாணத்துக்காகப் பத்திரிகையை இணைத்து விண்ணப்பம் போட்டார். முதல் க்வெரி: பத்திரிகையில் உள்ள பெண்ணின் பெயரும் குடும்ப விவரத்தில் உள்ள பெயரும் ஒன்றல்ல. வீட்டில் கூப்பிடும் பெயரை அச்சடித்துவிட்டார்கள். அதற்குச் சான்று வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது க்வெரி: விண்ணப்பம் இரு பிரதிகளில் இல்லை. அதையும் கொடுத்தார். நடுவில் முகூர்த்தம் வந்தது, போனது. கடன் வாங்கிக் கல்யாணத்தை முடித்தார். பிறகு மூன்றாவது க்வெரி வந்தது. நான் வாழ்நாளில் படித்த அழகான அலுவலக வாக்கியங்களில் ஒன்று அது: திருமணத் தேதி கடந்துவிட்டதாகத் தெரிய வருவதால், தொகை கோரப்பட்ட நோக்கம் இன்னும் எஞ்சியுள்ளதா என்பதற்கு விளக்கம் பெற்று அனுப்பவும்.

அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். “என்ன தம்பி எழுதறது? நோக்கத்துக்கு இது ஏழாம் மாசம்.”

கல்யாணக் கடன் அடைபடவில்லை, எனவே நோக்கம் எஞ்சியுள்ளது என்று எழுதிக் கொடுத்தேன். சாங்ஷன் வந்தது. கல்யாணத் தலைப்பில் எடுத்த பணத்தில் அவர் பேரனுக்குத் தொட்டில் வாங்கினார்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு க்வெரியும் விதிப்படி சரி. கேட்பவர் ஒருவர், குறிப்பு எழுதுபவர் ஒருவர், அதன் கீழே ‘ஒப்புதலுக்கு’ என்று எழுதிச் சுருக்கொப்பம் போடுபவர் ஒருவர், பச்சை மையில் கையெழுத்துப் போடுபவர் ஒருவர். அந்தக் கடைசி ஆளுக்குப் பெயர் சாங்ஷனிங் அதாரிட்டி. ஊரில் கோவில் எத்தனை இருந்தாலும் எங்களுக்குக் கர்ப்பக்கிருகம் அந்த மூங்கில் தட்டி போட்ட அறைதான். உள்ளே போன கோப்பு வெளியே வரும்போது ‘சாங்ஷன் இஸ் ஹியர்பை அக்கார்டெட்’ என்ற வாக்கியத்தோடு வரும். 1956ஆம் வருடத்து ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகு இதற்குத் தமிழில் ‘ஒப்பளிப்பு’ என்று ஒரு நல்ல சொல் செய்து கொடுத்திருந்தார்கள். கோப்பில் எழுதும்போது ஒப்பளிப்பு, கேன்டீனில் பேசும்போது சாங்ஷன் என்று நாங்கள் இருவரையும் சண்டையில்லாமல் வைத்துக்கொண்டோம்.

இப்படிப் பணத்தோடு மட்டும் உறவாடிக்கொண்டிருந்த சொல்லின் இன்னொரு முகம் எங்கள் அலுவலகத்துக்கு 1992 மே மாதத்தில் பேப்பர் வழியாக வந்தது. ரஷ்யாவின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்திடம் இந்தியா கிரயோஜெனிக் எஞ்சினும் அதன் தொழில்நுட்பமும் வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தது. அது ஏவுகணைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு விரோதம் என்று சொல்லி, அந்த நிறுவனத்தின் மீதும் இஸ்ரோவின் மீதும் அமெரிக்கா இரண்டு வருட சாங்ஷன் விதித்தது. டைப்பிஸ்ட் அம்மா தலைப்பை உரக்கப் படித்தார்.

“அமெரிக்காக்காரன் இஸ்ரோவுக்கு சாங்ஷன் போட்டிருக்கானாம்.”

ரெக்கார்டு கிளார்க் கையிலிருந்த கட்டைக் கீழே வைத்தார். “எவ்வளவு?”

யாரும் சிரிக்கவில்லை. நியாயமான கேள்வி என்றுதான் எல்லோருக்கும் பட்டது. “ஏதோ ராக்கெட் அட்வான்ஸா இருக்கும்” என்று டிஸ்பாட்ச் பையன் வேறு சேர்த்துக்கொண்டான்.

எங்கள் சூப்பரின்டென்டென்ட் கும்பகோணம் காலேஜில் படித்தவர். அட்டை கழன்ற சேம்பர்ஸ் அகராதி ஒன்றை டிராயரில் டிஃபன் பாக்ஸுக்கு அடியில் வைத்திருப்பார். அன்று டீ வந்த நேரத்தில் அதை வெளியே எடுத்தார். லத்தீனில் ‘சான்கீரே’ என்றால் புனிதமாக்கி உறுதிப்படுத்துவது. செயின்ட் என்ற சொல்லும் அந்த வீட்டுப் பிள்ளைதான். ரோமாபுரிச் சட்டத்தில் ‘சான்க்டியோ’ என்பது, இந்தச் சட்டத்தை மீறினால் இன்ன தண்டனை என்று சொல்லும் பகுதிக்குப் பெயர். தண்டனை சொல்லாத சட்டத்தை ரோமானியர்கள் முழுமையில்லாத சட்டம் என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பதினாறாம் நூற்றாண்டில் வந்தபோது ஆணை என்ற பொருளோடு வந்தது. அனுமதி கொடு, ஒப்புக்கொள் என்ற பொருள் அதற்கு ஒட்டியது வெகுகாலம் கழித்து.

“அப்ப தண்டனைதான் மூத்ததா சார்?” என்றார் ரெக்கார்டு கிளார்க்.

“மூத்தாள் அதுதான். நீர் வாங்கினீரே, அது இளையாள்.”

அவருக்கு அன்று நேரம் இருந்தது. மேஜையில் ரிட்டர்ன் எதுவும் நிலுவையில் இல்லை. எனவே ஆஸ்திரியாவுக்குப் போனார். 1713ஆம் வருடம் ஆறாம் சார்லஸ் என்ற பேரரசர், தனக்கு ஆண் வாரிசு இல்லாமல் போனாலும் தன் ராஜ்யம் உடையாமல் மகளுக்குப் போகவேண்டும் என்று ஓர் ஆணை போட்டார். அதற்குப் பெயர் பிராக்மாட்டிக் சாங்ஷன். மகள் மரியா தெரசா பிறந்ததே நான்கு வருடம் கழித்துத்தான். மனிதர் மிச்ச ஆயுளை ஐரோப்பாவின் ஒவ்வொரு அரண்மனைக்கும் அந்தக் காகிதத்தை அனுப்பி, ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்குவதிலேயே கழித்தார். கோப்பு சுற்றில் விடுவது என்று நாங்கள் சொல்வோமே, அதுதான். பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டார்கள். 1740ல் அவர் கண்ணை மூடினார். இரண்டே மாதத்தில் பிரஷ்யாவின் பிரெடெரிக் படையோடு சைலீசியாவுக்குள் நுழைந்துவிட்டார்.

அந்தச் சண்டையில் பிரான்சும் இங்கிலாந்தும் எதிரெதிரே நின்றன. அங்கே நின்றால் இங்கே நிற்காமல் முடியுமா? 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா போர்தொனே சென்னைப் பட்டணத்தைப் பிடித்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. கோட்டையைத் தங்களிடம் தரவேண்டும் என்று வந்த ஆற்காட்டு நவாபின் பெரும்படையை, அடையாற்றங்கரையில் ஒரு சிறிய பிரெஞ்சுப் படை விரட்டியடித்தது. கோட்டையில் கம்பெனியின் ரைட்டராக இருந்த ராபர்ட் கிளைவ் மாறுவேடத்தில் கடலூர் பக்கம் தப்பியோடினார். “ரைட்டர்னா யாரு? ஜூனியர் அசிஸ்டென்ட்தான்” என்று சூப்பரின்டென்டென்ட் என்னைப் பார்த்தார். 1748 உடன்படிக்கைப்படி, கனடாவில் ஒரு கோட்டையைக் கொடுத்து இங்கிலாந்துக்காரர்கள் மதராஸைத் திரும்ப வாங்கினார்கள். ஆகச் சென்னைக் கோட்டைக்கு வந்து சேர்ந்த முதல் பெரிய சாங்ஷன் வியன்னாவிலிருந்து புறப்பட்டுப் பீரங்கி வழியாக வந்தது. அதே கோட்டையிலிருந்துதான் எங்கள் பஞ்சப்படி ஆணைகளும் வந்துகொண்டிருந்தன.

நாடுகள் ஒன்றையொன்று சாங்ஷன் செய்வது முதல் உலகப் போருக்குப் பிறகு பிறந்த பழக்கம். 1935ல் முசோலினி அபிசீனியாவுக்குள் நுழைந்தபோது சர்வதேச சங்கம் இத்தாலி மீது சாங்ஷன் விதித்தது. பலவற்றையும் பட்டியலில் சேர்த்தார்கள், பெட்ரோலை விட்டுவிட்டார்கள். இத்தாலிய லாரிகள் நிற்காமல் ஓடின. மறு வருடம் அபிசீனியா விழுந்தது, சாங்ஷனையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் யாரும் இவ்வளவு அவசரமாக ஒரு கோப்பை முடித்ததில்லை.

இஸ்ரோ விஷயம் வேறு மாதிரி போனது. ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தரமாட்டேன் என்று பின்வாங்கி, ஏழு எஞ்சின்களை மட்டும் கொடுத்தது. மகேந்திரகிரியில் நம் ஆட்கள் தாங்களே செய்ய உட்கார்ந்தார்கள். சொந்தக் கிரயோஜெனிக் எஞ்சினோடு ஜி.எஸ்.எல்.வி. சரியாகப் பறந்தது 2014 ஜனவரி 5 அன்று. ரெக்கார்டு கிளார்க் இருந்திருந்தால், நோக்கம் எஞ்சியுள்ளது என்று அப்போதே சொன்னேனே என்றிருப்பார். நடுவில் 1998ல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு இன்னொரு சுற்று வந்தது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம்கூட அமெரிக்கப் பட்டியலில் இருந்தது. அதற்குள் எங்கள் அலுவலகத்தில் யாரும் எவ்வளவு என்று கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் அமெரிக்கா அல்ல, கேஷ் செக்‌ஷனில் நடந்த ஒரு விவகாரம்.

கேஷ் செக்‌ஷனில் ஓர் அசிஸ்டென்ட். என்னைவிட இளையவன், என்னை அண்ணே என்பான். வேலையில் புலி. எந்த ஜி.பி.எஃப். விண்ணப்பத்தையும் ஒரே நாளில் நகர்த்துவான், எந்த விண்ணப்பத்தையும் ஒரு வருடம் நிறுத்துவான். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு ஒரு ரேட் வைத்திருந்தான். ஒருநாள் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கொடுத்த நோட்டுகளில் லஞ்ச ஒழிப்புத் துறையின் பவுடர் இருந்தது. ஜன்னலோரம் கண்ணாடி டம்ளரில் சோடியம் கார்பனேட் கரைசல். அதில் அவன் விரலை முக்கினார்கள். தெளிந்த தண்ணீர் ரோஸ் மில்க் நிறத்துக்கு மாறியதை நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தோம். மகஜர் எழுதி முடிக்க இருட்டிவிட்டது.

ஓர் அரசு ஊழியர் மீது ஊழல் வழக்கு நடத்த, அவரை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் உள்ளவர் முன்கூட்டியே அனுமதி தரவேண்டும். 1988ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு. அந்த அனுமதிக்கு என்ன பெயர்? பிராசிக்யூஷன் சாங்ஷன். மூத்தாளும் இளையாளும் ஒரே வீட்டில் குடியிருக்கும் விநோதம் இது. தண்டனைக்கு அழைத்துப் போக அனுமதி. எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் இருந்ததால் அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்தது.

சஸ்பென்ஷனில் இருந்தவன் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். காபி குடித்தான். வெகுநேரம் எங்கள் தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, என் சாங்ஷன் எங்க இருக்கு?”

“என் டேபிள்ல.”

“கொஞ்சம் மெதுவாப் போகட்டுமேண்ணே.”

சாங்ஷனை மெதுவாக்கச் சொல்லி என்னிடம் வந்த ஒரே மனிதன் அவன்தான். வெறுமனே கேட்கவும் இல்லை, வழியும் சொன்னான். “மகஜர் ரெண்டாம் பக்கம் கார்பன் காப்பி தெளிவா இல்லைன்னு ஒரு க்வெரி போடலாம். நோட்டு நம்பர் லிஸ்ட்ல அட்டெஸ்ட் இல்லைன்னு இன்னொண்ணு. ரெண்டையும் சேர்த்துக் கேக்காதீங்க, ஒண்ணு வந்தப்புறம் ஒண்ணு.” கல்யாணப் பத்திரிகையில் பெயர் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்தவன் எவன் என்று அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

கோப்பு நிற்கவில்லை, மேலிடத்திலிருந்து நினைவூட்டு மேல் நினைவூட்டு வந்துகொண்டிருந்தது. இந்த சாங்ஷனில் ஒரு விசேஷம் உண்டு. கையெழுத்துப் போடும் அதிகாரி ஆவணங்களை முழுக்கப் படித்து, மனத்தைச் செலுத்தி, தானே முடிவெடுத்ததாக ஆணையில் தெரியவேண்டும். பிறகு கோர்ட்டுக்கும் சாட்சியாக வந்து, நான்தான் படித்தேன், நான்தான் முடிவெடுத்தேன் என்று கூண்டில் ஏறிச் சொல்லவேண்டும். மனம் செலுத்தவில்லை என்று தெரிந்தால் வழக்கே விழுந்துவிடலாம். எங்கள் அதிகாரி நல்ல மனிதர்தான், ஆனால் இந்தச் செய்தி அவரைக் கலங்கடித்துவிட்டது. நூற்றுக்கணக்கான ஜி.பி.எஃப். ஆணைகளில் கையெழுத்துப் போட்டபோது மனத்தைச் செலுத்தினீர்களா என்று அவரை யாரும் கேட்டதில்லை. மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு படித்தார்.

அந்த வாரமே அவனிடமிருந்து இன்னொரு விண்ணப்பம் வந்தது. மகள் படிப்புச் செலவுக்கு ஜி.பி.எஃப். முன்பணம். வக்கீல் ஃபீஸ் என்று எல்லோருக்கும் தெரியும். படிவத்தில் ஒரு பிழை இல்லை. இணைப்புகள் வரிசையாக, இரு பிரதிகளில், ஓரத்தில் டேக் கட்டி, கோப்பு எண்ணுக்கு இடம்கூட விட்டு. க்வெரி போட ஓர் ஓட்டை இல்லாத விண்ணப்பம் எப்படி இருக்கும் என்று அந்தப் பிரிவில் எங்களுக்கெல்லாம் காட்டிக் கொடுத்தவன் அவன்தான். இரண்டு கோப்பும் ஒரே தபால் பெட்டியில் உள்ளே போயின. இரண்டும் ஒரே வெள்ளிக்கிழமை வெளியே வந்தன. ஒரே பச்சை மை, ஒரே வாக்கியம்: சாங்ஷன் இஸ் ஹியர்பை அக்கார்டெட். ஒன்றில் பணம், ஒன்றில் வழக்கு. டிஸ்பாட்ச் பையன், இரண்டையும் ஒரே கவரில் போடலாமா, ஸ்டாம்பு மிச்சமாகுமே என்று கேட்டான்.

இன்றைக்கு அந்த வேலையே பாதி இல்லை. 2003 ஏப்ரல் 1 முதல் மாநில அரசில் சேர்ந்தவர்களுக்கு ஜி.பி.எஃப். இல்லாமல் பங்களிப்பு ஓய்வூதியம் என்று ஆனது. கல்யாணத்துக்குக் கேட்க அங்கே வழியில்லை. லீவு, ஃபெஸ்டிவல் அட்வான்ஸ் எல்லாம் ‘களஞ்சியம்’ என்ற செல்போன் செயலியில். என் பழைய அலுவலகத்துக்குப் போனால் பிள்ளைகள் மேஜையில் டேக் இல்லை, பசை இல்லை, பச்சை மை இல்லை. கட்டைவிரலால் தள்ளிவிடுகிறார்கள். வழக்குக்கான சாங்ஷனிலும் ஒரு வகை மாறிவிட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 218ஆம் பிரிவில், அரசு ஊழியர் மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டு 120 நாளில் பதில் வராவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும் என்று எழுதிவிட்டார்கள். கோப்பின் மீது உட்கார்ந்தே ஆளைக் காப்பாற்றலாம் என்ற எங்கள் தலைமுறையின் கலைக்கு அந்த வகையில் தாலி அறுந்தது.

பணம் தரும் சாங்ஷனோ, இப்போது வேண்டாம் என்றாலும் வருகிறது. மத்தியானம் கண்ணயரும் நேரம் பார்த்து ஒரு பெண் கூப்பிடுகிறாள்.

“சார், உங்களுக்கு மூணு லட்சம் சாங்ஷன் ஆகியிருக்கு.”

“நான் கேக்கவே இல்லையேம்மா.”

“அதான் சார் ப்ரீ-அப்ரூவ்டு.”

“நோட் போட்டது யாரு?”

“சிஸ்டம் சார்.”

“நோக்கம் என்னன்னு போட்டிருக்கு?”

அவள் போனை வைத்துவிட்டாள். விண்ணப்பமே இல்லாத ஆணை, நோக்கமே இல்லாத தொகை. எங்கள் சூப்பரின்டென்டென்ட் இருந்திருந்தால் அந்த சிஸ்டத்துக்கு மெமோ கொடுத்திருப்பார்.

என் அண்ணன் மகன் சென்னையில் ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் பேக் ஆபீஸில் வேலை பார்க்கிறான். சேர்ந்த புதிதில், “எந்த செக்‌ஷன்டா?” என்று கேட்டேன். “சாங்ஷன்ஸ் சித்தப்பா” என்றான். குடும்பமே குளிர்ந்து போனது. அடுத்த பொங்கலுக்குள் ஏழெட்டு உறவுக்காரர்கள் வீட்டுக் கடன் விஷயமாக அவனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் வேலை பணத்தை நிறுத்துவது என்று அவர்களுக்குப் புரியவைக்க ஒரு வருடம் ஆனது. உலகத்தில் யார் யாருக்குப் பணம் அனுப்பினாலும், அனுப்புபவர் பெயர், வாங்குபவர் பெயர், முகவரி எல்லாவற்றையும் ஒரு பட்டியலோடு ஒப்பிடுவார்கள். அமெரிக்கக் கருவூலத் துறையில் ஓஃபாக் என்று ஓர் அலுவலகம் வெளியிடும் பட்டியல் அதில் முக்கியமானது. கருவூலம் என்றதும் எனக்குச் சொந்த ஊர்ப் பெயரைக் கேட்டது போல இருந்தது. இந்தப் பக்கத்து சாங்ஷனும் கருவூலத்துக்குத்தான் போகும், அந்தப் பக்கத்து சாங்ஷனும் கருவூலத்திலிருந்துதான் வருகிறது.

அவன் வேலையைக் கேட்கக் கேட்க எனக்கு இளமை திரும்பியது. பெயர் ஒத்துப்போனால் ‘ஹிட்’. எல்-1 ஆள் அதைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறான். எல்-2 ஆள் சரிபார்க்கிறார். சந்தேகம் இருந்தால் மேலே. எல்-1 என்றால் ஜூனியர் அசிஸ்டென்ட், எல்-2 என்றால் சூப்பரின்டென்டென்ட், அவ்வளவுதான். ராத்திரி ஷிஃப்ட், ஏ.சி., இலவசக் காபி என்பவை தவிர வித்தியாசம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஹிட்டுகளில் பெரும்பாலானவை ஒன்றுமில்லாமல் போகுமாம்.

போன மாதம் வந்திருந்தபோது, பெயர் விவரம் சொல்லாமல் ஒரு சமாசாரம் சொன்னான். யாரோ பிள்ளை வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்குப் பணம் அனுப்பியிருக்கிறான். அம்மாவின் முகவரியில் ‘பர்மா காலனி’. சிஸ்டம் பணத்தை நிறுத்திவிட்டது. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு பர்மாவின் மீது அமெரிக்க சாங்ஷன் மறுபடி இருக்கிறது, அவர்கள் இன்னும் அந்த நாட்டை பர்மா என்றேதான் எழுதுகிறார்கள். இங்கே தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஒரு பர்மா காலனி. 1962க்குப் பிறகு நெ வின் ஆட்சியில் கடையும் நிலமும் பறிபோய்க் கப்பலேறி வந்தவர்களைக் குடியமர்த்திய தெருக்கள். அங்கிருந்து துரத்தியதும் பர்மா, இங்கே பணம் வராமல் நிறுத்தியதும் பர்மா.

“எல்-1 நோட் நீ என்ன எழுதினே?”

“லொகேஷன் மிஸ்மேட்ச், ஃபால்ஸ் பாசிட்டிவ்னு எழுதினேன் சித்தப்பா. எல்-2 திருப்பி அனுப்பிட்டாங்க.”

“என்ன க்வெரி?”

“பர்மா காலனி பர்மாவில் இல்லை என்பதற்கு ஆதாரம் இணைக்கவும்.”

கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னேன். காகிதம் எடுக்கச் சொன்னேன், போனிலேயே அடிக்கிறேன் என்றான். பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று ஆரம்பித்தேன். மேற்படி முகவரியில் காணும் பர்மா ஒரு நாடன்று, நகராட்சி எல்லைக்குட்பட்ட குடியிருப்பு. இணைப்பு ஒன்று, வரைபடம். இணைப்பு இரண்டு, அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கான ஆதாரம். இணைப்பு மூன்று, மேற்படி நாடு 1989லேயே மியான்மர் என்று பெயர் மாற்றிக்கொண்ட விவரம். மேலான பார்வைக்கும் ஆணைக்கும் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது. கடைசி வரியை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அவன் சிறிது நேரம் திண்டாடினான். விடவேண்டாம், அதுதான் முக்கியம் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, சாங்ஷன் ஆயிடுச்சா என்று கேட்டு மெசேஜ் போட்டேன்.

“சாங்ஷன் ஆகக்கூடாது சித்தப்பா, ரிலீஸ் ஆகணும். எல்-3க்குப் போயிருக்கு. பணம் அனுப்பின நோக்கம் என்னன்னு கேக்கறாங்க.”